தப்பான விடை வரும்போது டீச்சர் முகம்

கேள்வி இதுதான். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆன ஒரு டீச்சர் கேட்கிறார்: "ஐந்தாம் வகுப்பு, 32 பிள்ளைகள். அடிப்பதில்லை என்று முடிவு பண்ணித்தான் வந்தேன். ஆனால் சத்தம் அடங்குவதில்லை. கேள்வி கேட்டால் அதே நாலு பேர்தான் கை தூக்குகிறார்கள். ஜன்னலோரம் ஒரு பையன் இன்னும் வாயே திறக்கவில்லை. பக்கத்து வகுப்பு சார், கம்பு எடுக்காமல் கதை ஆகாது என்கிறார். சுவர் முழுக்க சார்ட் ஒட்டி அழகாகத்தான் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் ஆசையாகப் படிக்கிற வகுப்பாக இது மாற இன்னும் என்ன செய்யணும்?"

டீச்சர், முதலில் சார்ட் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சுவர் அழகாக இருப்பது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 27 வருஷம் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் நின்று பார்த்த பிறகு எனக்கு ஒரு விஷயம் உறுதியாகத் தெரியும். பிள்ளைகள் சுவரைப் பார்ப்பதைவிட நம் முகத்தைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். அதிலும் ஒரு பிள்ளை தப்பான விடை சொன்ன அந்த ஒரு நொடியில் டீச்சர் முகம் எப்படிப் போகிறது என்பதை 32 பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பதில் சொன்ன பிள்ளை மட்டுமில்லை, சொல்லாமல் உட்கார்ந்திருக்கிற 31 பேரும் அந்த நொடியில்தான் இனி இந்த வகுப்பில் கை தூக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். உங்கள் வகுப்பில் நாலு பேர் மட்டும் கை தூக்குகிறார்கள் என்றால், அந்த நாலு பேருக்கு மட்டும்தான் தப்பாகிவிடாது என்ற தைரியம் இருக்கிறது என்று அர்த்தம். மற்றவர்களுக்குத் தெரியாது என்று அர்த்தமில்லை.

ஒரு கணக்கை வைத்தே சொல்கிறேன். சில வருஷம் முன்னால் மூன்றாம் வகுப்பில் 52லிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லிப் பலகையில் எழுதினேன். ஒரு பையன் வந்து 35 என்று எழுதினான். பின்னாலிருந்து இரண்டு பேர் சிரித்தார்கள். நான் பழைய ஆளாக இருந்திருந்தால் "போய் உட்கார், வேற யாரு?" என்று கேட்டு, முதல் வரிசைப் பெண் 25 என்று எழுதியதும் "எல்லாரும் கை தட்டுங்க" என்று முடித்திருப்பேன். அன்றைக்கு என்னவோ, "எப்படிப் போட்டே, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டேன். சுண்ணக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றான். நானும் பக்கத்தில் நின்றேன். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "ஏழுல ரெண்டு போனா அஞ்சு டீச்சர். அஞ்சுல ரெண்டு போனா மூணு." ஏழு கீழே அல்லவா இருக்கிறது, மேலே உள்ள இரண்டிலிருந்துதானே ஏழைக் கழிக்க வேண்டும் என்று கேட்டதற்கு, "பெரிசுல இருந்துதான் சின்னதைக் கழிக்கணும்னு நீங்கதான சொன்னீங்க" என்றான்.

அவன் சொன்னது சரி. ஒன்றாம் வகுப்பில் நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன், "பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்கணும்" என்று. அந்த விதியை அவன் ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்திருக்கிறான். எத்தனை பேர் இப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். ஒரு கை, இரண்டு கை என்று ஆரம்பித்துக் கடைசியில் பாதி வகுப்பு கை தூக்கியது, சிரித்த இரண்டு பேரில் ஒருத்தன் உட்பட. விளக்குமாற்று ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தேன். அஞ்சு கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் எடுத்து அவனிடமே கொடுத்து, "இதுல இருந்து எனக்கு 27 குச்சி கொடு" என்றேன். இரண்டு கட்டு கொடுத்தான். உதிரியில் இரண்டு கொடுத்தான். இன்னும் அஞ்சு வேண்டும். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான், மீதியிருந்த கட்டுகளைப் பார்த்தான், ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினான். அவ்வளவுதான். கடன் வாங்கிக் கழித்தலை அன்றைக்கு அந்த வகுப்புக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவன்தான் சொல்லிக் கொடுத்தான். இத்தனைக்கும் அவன் அம்மாவின் இட்லிக் கடையில் 50 ரூபாய் கொடுத்து 27 ரூபாய்க்குச் சாப்பிட்டால் மீதி 23ஐ ஒரு நொடியில் எண்ணித் தருகிறவன்.

நான் மட்டும் "போய் உட்கார்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாதி வகுப்பு அந்தத் தப்பைச் சட்டைப் பைக்குள் போட்டு நாலாம் வகுப்புக்கு எடுத்துப் போயிருக்கும். அதனால் நான் சொல்லும் முதல் வேலை இதுதான். "தப்பு" என்ற சொல்லை ஒரு மாதம் நிறுத்திவிட்டு "எப்படி வந்தது, சொல்லு" என்று கேளுங்கள். ஒன்று முக்கியம்: சரியான விடைக்கும் அதையே கேட்க வேண்டும். தப்பான விடைக்கு மட்டும் "எப்படி?" என்று கேட்டால், டீச்சர் எப்படி என்று கேட்டாலே அது தப்பு என்று ஒரே வாரத்தில் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்தது, சிரிக்கிறவர்கள். நம் முகத்தை நாம் சரி செய்துகொள்ளலாம், ஆனால் கூட இருக்கிற பிள்ளைகள் சிரித்தால் அது நம் கோபத்தைவிட அதிகம் வலிக்கும். இதற்கு விதி வேண்டும், ஆனால் நாம் எழுதி ஒட்டுகிற விதி இல்லை. ஒரு பாடவேளையை இதற்கென்றே ஒதுக்கிப் பிள்ளைகளையே கேளுங்கள், "நம்ம வகுப்பில் எது நடந்தால் உனக்குக் கஷ்டமா இருக்கும்?" என்று. முதலில் "சத்தம் போடக் கூடாது, குப்பை போடக் கூடாது" என்று நமக்குப் பிடித்ததாகச் சொல்வார்கள். விடாமல் கேளுங்கள். என் வகுப்பில் அப்படிக் கேட்டபோது கடைசியில் நின்றவை மூன்று: ஒருத்தர் பேசும்போது சிரிக்கக் கூடாது. பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடக் கூடாது. மூன்றாவது, டீச்சர் வகுப்பில் போன் பேசக் கூடாது. மூன்றாவதைச் சொன்ன பெண் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் எழுதச் சொன்னேன். அந்த வருஷம் முழுக்க என் போன் மேசை டிராயரில்தான் கிடந்தது. ஒருநாள் மறந்து எடுத்தபோது ஒரு பையன் சுவரைக் கையால் காட்டினான். நான் "சாரிப்பா" என்று சொல்லி உள்ளே வைத்தேன். அதன் பிறகு முதல் இரண்டு விதிகளைக் காப்பாற்ற எனக்கு அவ்வளவு பாடு இருக்கவில்லை, பிள்ளைகளே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

சரி, கம்புக்கு வருகிறேன். "அடியாத மாடு படியாது" என்று உங்களுக்குச் சொல்லப் பத்துப் பேர் இருப்பார்கள். பெற்றோரே வந்து "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்த எல்லாத்தையும் உரிச்சிடுங்க டீச்சர்" என்பார்கள். அதை அன்பாகத்தான் சொல்கிறார்கள், பிள்ளை எப்படியாவது படித்துவிட வேண்டும் என்ற தவிப்பில் சொல்கிறார்கள். ஆனால் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிற கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் ரீதியான தண்டனை மட்டுமில்லை, மன ரீதியான துன்புறுத்தலும் கூடாது என்கிறது. அதாவது அடிக்காமல் "மரமண்டை", "மண்டு", "நீயெல்லாம் எதுக்குப் பள்ளிக்கூடம் வரே" என்று கேட்பதும் அதே பிரிவில்தான் வருகிறது. பெற்றோர் அனுமதி கொடுத்தாலும் சட்டம் அனுமதிக்கவில்லை.

சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நானும் அடித்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் ஐந்தாறு வருஷம் மேசை மேல் புளியங்குச்சி இருந்தது, அதை ஒடித்து வரப் பிள்ளைகளையேதான் அனுப்புவேன். ஒரு பையன் தொடர்ந்து மூன்று நாள் வீட்டுப்பாடம் எழுதி வரவில்லை. மூன்று நாளும் அடித்தேன். நாலாம் நாள் எழுதி வந்தான், அதில் எனக்குப் பெருமை வேறு. அப்புறம்தான் தெரிந்தது, அவன் வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் விளக்கு இல்லை, பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் விரட்டும் வரை எழுதியிருக்கிறான். மூன்று நாளும் அவன் அதைச் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. கையில் கம்பு இருந்தால் நாம் கேள்வி கேட்க மறந்துவிடுகிறோம் டீச்சர், அதில்தான் பெரிய நஷ்டம். கம்பினால் சத்தம் அடங்கும், உண்மைதான். ஆனால் பயத்தில் இருக்கிற பிள்ளைக்கு அடுத்த அடி எங்கிருந்து வரும் என்பதில்தான் கவனம் முழுவதும் இருக்கும், பாடத்தில் இருக்காது.

அப்படியென்றால் ஒருத்தன் இன்னொருத்தனை அடித்துவிட்டால், அவன் நோட்டைக் கிழித்துவிட்டால் சும்மா விடுவதா? இல்லை. இரண்டு பேரையும் பிரித்து உட்கார வைத்து, ஆறின பிறகு, எல்லார் முன்னாலும் இல்லாமல் வராந்தாவில் தனியாக நிறுத்திக் கேளுங்கள். என்ன நடந்தது, அதனால் யாருக்கு என்ன ஆனது, இப்போது அதை எப்படிச் சரி செய்வாய். மூன்றாவது கேள்விக்குப் பதிலை அவனையே சொல்ல வைக்க வேண்டும். கிழித்த நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுக்கிறேன் என்பான், பாதிப் பக்கத்தை நான் எழுதித் தருகிறேன் என்பான். அதைச் செய்தானா என்று மறுநாள் மறக்காமல் பாருங்கள். இது கம்பைவிட மெதுவாகத்தான் வேலை செய்யும், அதை ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் ஒன்றரை மாதம் பக்கத்து வகுப்பு சார் சொன்னதுதான் சரியோ என்று தோன்றும்.

சத்தம் அடங்குவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன சத்தம் என்று முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். குண்டூசி விழுந்தால் கேட்கும் வகுப்பைத்தான் நல்ல வகுப்பு என்று நமக்குச் சொல்லிப் பழக்கிவிட்டார்கள். ஆனால் நாலு நாலு பேராக உட்கார்ந்து கணக்குப் போடும் வகுப்பில் சத்தம் வரத்தான் செய்யும். "இல்லடா, கட்டைப் பிரிக்கணும்டா" என்ற சத்தம் பாடத்தின் சத்தம், அதை அடக்கினால் பாடத்தையே அடக்கியதாகிவிடும். வேலை முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறவன் போடுகிற சத்தம் வேறு, புரியாமல் கைவிட்டவன் போடுகிற சத்தம் வேறு. முன்னவனுக்கு அடுத்த வேலை தயாராக இருக்க வேண்டும், பின்னவன் பக்கத்தில் நாம் போய் உட்கார வேண்டும். முழு வகுப்பையும் நம் பக்கம் திருப்ப வேண்டியிருந்தால் கத்தாதீர்கள், நாம் கத்தினால் அவர்கள் அதைவிட ஒரு படி மேலே போவார்கள். நான் தாளமாக மூன்று தட்டு தட்டுவேன், கேட்டவர்கள் திருப்பித் தட்ட வேண்டும். அதற்குள் பாதி அடங்கிவிடும், அடுத்த வாக்கியத்தை வேண்டுமென்றே தாழ்ந்த குரலில் ஆரம்பிப்பேன்.

ஒன்றை மட்டும் உடனே நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நாம் ஆபீஸ் ரூமுக்குப் போகும்போது லீடரை நிற்க வைத்து, கரும்பலகையில் "பேசியவர்கள்" என்று பெயர் எழுதச் சொல்கிறோமே, அது. பெயருக்குப் பக்கத்தில் திரும்பப் பேசினால் ஒரு பெருக்கல் குறி, இன்னும் பேசினால் இன்னொன்று. நாமெல்லாம் அப்படித்தான் படித்து வந்தோம், அதனால் அது தப்பு என்றே நமக்குத் தோன்றுவதில்லை. அந்தப் பலகையில் யார் பெயர் வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். லீடருக்குப் பிடிக்காதவன், லீடருக்கு மிட்டாய் தராதவன், எப்போதும் பெயர் வாங்கியே பழகிவிட்டவன். படிப்பு நடக்க வேண்டிய பலகையில் ஒரு பிள்ளையின் பெயர் முதன்முதலாக வருவது குற்றவாளியாகத்தான் என்றால் அவன் அந்தப் பலகையை எப்படி விரும்புவான்? வேண்டுமானால் "உதவியவர்கள்" என்று எழுதச் சொல்லுங்கள். லீடரையும் வாரம் ஒருத்தராக மாற்றுங்கள், வருஷத்தில் எல்லாருக்கும் ஒரு முறை வர வேண்டும், ஜன்னலோரப் பையனுக்கும்தான்.

கேள்வி கேட்கும் விதத்தில் ஒரு சின்ன மாற்றம். காசு செலவில்லை, பயிற்சி வேண்டாம், நாளைக்கே செய்யலாம். 1970களில் அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து அளந்து பார்த்தார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற நேரம் சராசரியாக ஒரு நொடிதான். அதற்குள் பதில் வராவிட்டால் இன்னொருவரைக் கேட்கிறார், இல்லாவிட்டால் தானே சொல்லிவிடுகிறார். அதை மூன்று நொடியாக நீட்டியபோது பதில்கள் நீளமாயின, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசினார்கள், "தெரியாது" என்பதும் மௌனமும் குறைந்தன. நான் மனசுக்குள் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவேன். முதலில் அந்த மூன்று நொடி மூன்று நிமிஷம் போல இருக்கும். கூடவே இன்னொன்று: பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். "மணி, இலை ஏன் பச்சையாக இருக்கு?" என்று ஆரம்பித்தால் மணியைத் தவிர 31 பேரும் அந்த நிமிஷமே ஓய்வெடுக்கப் போய்விடுவார்கள். கேள்வி, மூன்று நொடி, அப்புறம் பெயர். யோசித்ததைப் பக்கத்தில் இருக்கிறவரிடம் முதலில் சொல்லச் சொல்லிவிட்டு அப்புறம் கேட்டால் இன்னும் நல்லது. பக்கத்துப் பிள்ளையிடம் ஒரு முறை சொல்லிப் பார்த்த விடையை எழுந்து நின்று சொல்ல அவ்வளவு பயமிருக்காது.

இனி அறை. செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளைகள் தாங்களே அட்டைகளை எடுத்து ஏணிப்படி மாதிரி படிப்படியாகக் கற்கிற முறை, வந்த காலத்தை நீங்கள் மாணவியாகவே பார்த்திருக்கலாம். 2003இல் சென்னை மாநகராட்சியில் 13 பள்ளிகளில் ஆரம்பித்தார்கள், ஆந்திராவின் ரிஷிவேலியில் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்து வந்து. 2007-08 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தது. அதன் அட்டைகளைப் பற்றியும் ஏணிப்படியைப் பற்றியும் ஆளுக்கொரு கருத்து உண்டு, எனக்கும் உண்டு, பல வகுப்புள்ள பள்ளியில் ஒற்றை ஆளாக அந்த அட்டைகளோடு நான் திண்டாடியிருக்கிறேன். ஆனால் அறைக்குள் அது கொண்டு வந்த இரண்டு விஷயங்களை மட்டும் நான் விடவே மாட்டேன். ஒன்று, கீழ்மட்டக் கரும்பலகை. சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கருப்பு அடித்து, ஆளுக்கொரு கட்டம். அதுவரை கரும்பலகை டீச்சருடையது, பிள்ளை அங்கே போவது என்றால் சோதனைக்குப் போவது. கீழ்மட்டப் பலகை அவனுடையது. எழுதுவான், அழிப்பான், தப்பாக எழுதுவான், பக்கத்துக் கட்டத்தை எட்டிப் பார்த்துத் திருத்துவான், யாரும் கேட்க மாட்டார்கள். அழிக்க முடிகிற இடத்தில் எழுதப் பிள்ளைகள் பயப்படுவதில்லை. உங்கள் அறையில் அது வெளிறிப் போயிருந்தால் பள்ளி மானியத்தில் ஒரு டப்பா கரும்பலகைப் பெயிண்ட் வாங்கி அடியுங்கள், அதற்கு அப்புறம் வேறு சார்ட் வாங்கலாம்.

இன்னொன்று கம்பிப்பந்தல். தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கட்டிப் பிள்ளைகளின் வேலையைத் தொங்க விடுவது. இதில் நாம் செய்கிற தப்பு, நல்லதாக வந்ததை மட்டும் மாட்டுவது. வருகிற அதிகாரி பார்க்க வேண்டும் என்று நாமே வரைந்து பிள்ளை பெயரைப் போட்டு மாட்டுவதும் உண்டு, அதை யாரும் வெளியே சொல்வதில்லை. 32 பேருடையதும் தொங்க வேண்டும். வாத்துக்கு நாலு கால் போட்டிருந்தாலும் தொங்கட்டும். என் வகுப்பில் ஒரு பெண் ஜூலையில் எழுதிய ‘ழ’வையும் ஜனவரியில் எழுதிய ‘ழ’வையும் சேர்த்தே தொங்க விட்டிருந்தோம். அவள் தாத்தா வந்தபோது இரண்டையும் இழுத்துப் பிடித்துக் காட்டினாள், "இது அப்போ, இது இப்போ" என்று. அவளுக்கு வேறு எந்தப் பரிசும் தேவைப்படவில்லை.

உட்காரும் முறை பற்றி நிறையப் பேச்சு இருக்கிறது. 2025 ஜூலையில் ‘ப’ வடிவத்தில் உட்கார வைக்கச் சொன்னார்கள், கழுத்து வலிக்கும், பலகை தெரியாது என்று எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்தார்கள். வடிவத்தைவிட, யாருக்குப் பக்கத்தில் யார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மார்க் வாங்குகிறவர்கள் முன்னால், மற்றவர்கள் பின்னால் என்று ஒருபோதும் வேண்டாம். பிள்ளைகளை அவர்கள் இஷ்டத்துக்கு உட்காரவிட்டால் ஊர்த் தெருவும் காலனியும் அப்படியே வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துவிடும், பார்த்துக்கொண்டே இருங்கள். 2023இல் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனைக் கூடப் படித்த பையன்களே சாதி வெறியில் வெட்டியதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னது இதற்காகத்தான். நான் மாதம் ஒருமுறை சீட்டு குலுக்கி மாற்றுவேன். கண் சரியாகத் தெரியாத பிள்ளைக்கும் காது மந்தமான பிள்ளைக்கும் மட்டும் முன்னிடம் நிரந்தரம். தண்ணீர்ப் பானையோ கேனோ, எல்லாரும் ஒரே டம்ளரில் எடுக்கிறார்களா என்றும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்குள் ஒரு பிள்ளை கூசிப் போவது பாடத்தால் மட்டுமில்லை.

ஆசிரியர் அறைப் பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூனில் நீங்கள் வருகைப் பதிவேட்டை வாங்கும்போதே "அந்த 14ஆம் நம்பர் தேறாது, அவங்க அண்ணனும் அப்படித்தான்" என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். 1968இல் ராபர்ட் ரோசந்தால், லெனோர் ஜேக்கப்சன் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு தொடக்கப்பள்ளியில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்தில் ஒரு பங்கு பிள்ளைகளை எந்த அடிப்படையும் இல்லாமல் பொறுக்கி எடுத்து, "இவர்கள் இந்த வருஷம் நன்றாக முன்னேறப் போகிறவர்கள்" என்று ஆசிரியர்களிடம் சொல்லி வைத்தார்கள். வருஷக் கடைசியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட உண்மையிலேயே அதிகம் முன்னேறியிருந்தார்கள். அந்த ஆய்வின் மேல் விமர்சனங்களும் உண்டு, அந்த விளைவு அவ்வளவு பெரிசு இல்லை என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். இருந்தாலும் நமக்கு ஒரு எச்சரிக்கை அதில் இருக்கிறது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவர்கள் கற்றிருக்கிற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். பெயர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அரும்பு என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு இரண்டே நாளில் தெரிந்துவிடும். வருஷம் பூராவும் ஒரே பிள்ளை அரும்பிலேயே உட்கார்ந்திருந்தால் அது குழு இல்லை, முத்திரை. கணக்கில் அரும்பாக இருக்கிறவன் கதை சொல்வதில் மலராக இருப்பான், குழுவைப் பாடத்துக்குப் பாடம், மாதத்துக்கு மாதம் கலையுங்கள்.

பாராட்டுவதில் கொஞ்சம் சிக்கனம் வேண்டும். எதற்கெடுத்தாலும் "வெரி குட்" என்றால் அது வணக்கம் மாதிரி ஆகிவிடும். எது நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள், "நீ அந்தக் கணக்கை அழிச்சுட்டு வேற வழியில போட்டுப் பார்த்தே பாரு, அது நல்லா இருந்தது" என்று.

வயிறும் மூத்திரப்பையும் பாடத்தில் வராது, ஆனால் வகுப்பை நடத்துவதில் பாதி அவைதான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காலை 11 மணிக்குப் பிள்ளைகள் தலையைச் சாய்ப்பதைத் தூக்கம் என்று நினைத்து எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். அது பசி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் ஆரம்பித்து, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தபோது, முதல் பாடவேளையில் பிள்ளைகள் முகம் மாறியதை நான் நேராகப் பார்த்தேன். ஆனாலும் தாமதமாக வருகிற பிள்ளை அதைத் தவறவிடும். நேரம் கழித்து வருகிறவனைக் கதவோரம் நிற்க வைப்பதற்கு முன்னால் "சாப்பிட்டியா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அம்மா நூறு நாள் வேலைக்குக் கிளம்பிவிட்டதால் ஒரு பெண் பிள்ளை தம்பியைக் குளிப்பாட்டிக் கூட்டி வந்திருப்பாள். கழிப்பறை சரியில்லை என்பதற்காகப் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள், மத்தியானம் தலைவலி என்பார்கள். கேரளத்தில் 2019இல் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்க ஆரம்பித்தார்கள், நம் பக்கமும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. ஆனால் மணி அடித்தால் போதாது, போய்வரக் கழிப்பறை ஒழுங்காக இருக்க வேண்டும். இதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தயங்காமல் எழுப்புங்கள், பெற்றோர் வாயால் தீர்மானமாக வந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். அப்புறம், "டீச்சர், ஒண்ணுக்கு" என்று கேட்கிற பிள்ளையை ஒருபோதும் "இப்பத்தானே போனே" என்று உட்கார வைக்காதீர்கள்.

காலையில் ஐந்து நிமிஷம் முன்னால் போய் வாசற்படியில் நில்லுங்கள். ஒவ்வொருத்தரையும் பெயர் சொல்லி உள்ளே அழையுங்கள். "ஏய் நீலப் பை" வேண்டாம். வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு தலை குனிந்தபடி பெயர் வாசித்து, "உள்ளேன் டீச்சர்" என்ற குரலை மட்டும் கேட்டுக் குறிப்பதில் யார் முகம் வாடியிருக்கிறது என்று தெரியாமலே போய்விடும்.

கடைசியாக உங்கள் ஜன்னலோரப் பையன். அவனை எழுப்பி நிறுத்தி "பேசு, ஏன் பேச மாட்டேங்கிறே" என்று கேட்காதீர்கள், எல்லார் முன்னாலும் பேச்சை இழுக்க வேண்டாம். முதலில் காதும் பேச்சும் சரியாக இருக்கிறதா என்று வீட்டில் கேளுங்கள், பள்ளிக்கு வருகிற மருத்துவக் குழுவிடமும் காட்டுங்கள். வீட்டில் பேசுகிறான் என்றால் பொறுமைதான். பேச்சு தேவைப்படாத ஒரு வேலையை அவனுக்கென்றே கொடுங்கள், செடிக்குத் தண்ணீர், நோட்டு அடுக்குவது, கம்பிப்பந்தலில் மாட்டுவது. தப்பான விடையே இல்லாத கேள்வியாகக் கேளுங்கள், இந்த இரண்டில் எந்தப் படத்தை மாட்டலாம் என்று. கையால் காட்டினால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு மாட்டிவிடுங்கள்.

எனக்கு அப்படி ஒரு பெண் இருந்தாள். ஜூனில் சேர்ந்தாள், காலாண்டு போனது, தீபாவளி போனது, ஒரு சொல் வரவில்லை. தினமும் பலகை துடைப்பது அவள் வேலை. டிசம்பரில் ஒருநாள் நான் பாடத்தை ஆரம்பித்து இரண்டு வரி எழுதியிருந்தேன். பின்னாலிருந்து யாரோ என் புடவையைத் தொட்டார்கள். திரும்பினால் அவள், கையில் துடைப்பானோடு. "டீச்சர், தேதி மாத்தலை" என்றாள். நான் சுண்ணக்கட்டியை அவளிடம் கொடுத்தேன். பலகை எட்டவில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, முந்தின நாள் தேதியை அழித்துவிட்டு அன்றைய தேதியை எழுதினாள்.